முதுகில் ஏறிய எண்ணும் பெயரும்

இங்கிலாந்தின் சூப்பர் லீக் ரக்பி ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஃபுல்பேக் இடத்தில் நிற்பவர் முதுகில் 29 என்று இருக்கலாம். விங்கில் ஓடுபவர் முதுகில் 23 இருக்கலாம். எண்ணுக்கு மேலே அவரவர் குடும்பப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். அதே வார இறுதியில் சிட்னியில் நடக்கும், ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். போட்டியின் ஆட்டத்துக்குச் சேனலை மாற்றினால் கதை வேறு. அங்கே ஃபுல்பேக் என்றால் 1, ஹாஃப்பேக் என்றால் 7, ஹூக்கர் என்றால் 9. இந்த வாரம் 7 போட்டவருக்குக் காயம் என்றால், அடுத்த வாரம் வேறொருவர் அதே 7-ஐப் போட்டுக்கொண்டு இறங்குவார். இரண்டு ஊரிலும் ஆடுவது ரக்பி லீக்தான், பக்கத்துக்குப் பதின்மூன்று பேர்தான். ஆனால் ஓரிடத்தில் எண் ஆளுக்குச் சொந்தம். இன்னோரிடத்தில் அவர் நிற்கும் இடத்துக்குச் சொந்தம்.

இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் நூறாண்டைத் தாண்டிய பயணம் ஒன்று இருக்கிறது. ஒரு மன்னரும், மழையால் தள்ளிப்போன ஒரு பேஸ்பால் ஆட்டமும், எழுத்துப் பிழையோடு தைத்த ஒரு பெயரும், கோபக்கார முதலாளி ஒருவரும், ஊடக அதிபர்கள் இரண்டு பேரும் அந்த வழியில் எதிர்ப்படுகிறார்கள்.

1895 ஆகஸ்ட் 29 அன்று, வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் உள்ள ஜார்ஜ் ஹோட்டலில் ரக்பி கிளப்புகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். அவர்களுடைய ஆட்டக்காரர்கள் பஞ்சாலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் வேலை பார்த்தவர்கள். ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியை ஈடுகட்ட கிளப் பணம் கொடுக்கலாம் என்பது வடக்கத்திக் கிளப்புகளின் நியாயம். காசு வாங்கி ஆடுவது கூடாது என்பது லண்டனில் இருந்த ரக்பி சங்கத்தின் பிடிவாதம். கூட்டம் முடிந்தபோது வடக்குக் கிளப்புகள் தனிச்சங்கம் தொடங்கிவிட்டன. அதுதான் பின்னாளில் ரக்பி லீக் ஆனது. 1906-இல் அணிக்குப் பதினைந்து பேர் என்பதைப் பதின்மூன்றாகக் குறைத்தார்கள். மைதானத்தில் இடம் கிடைத்தது, ஓட்டம் கூடியது, டிக்கெட் விற்றது.

ஆட்டக்காரருக்குக் கூலி தர வேண்டுமானால் பார்வையாளர் காசு கொடுத்து உள்ளே வர வேண்டும். காசு கொடுத்தவர், அதோ ஓடுகிறவர் யார் என்று கேட்பார். உள்ளூர் ஆட்டத்தில் அது பெரிய சிக்கல் இல்லை. ஓடுபவர் பக்கத்துத் தெருக்காரர்தான். வெளியூர் அணி, அதிலும் கடல் கடந்து வந்த அணி என்றால்தான் சிக்கல். ரக்பியில் ஆட்டக்காரர்கள் எண் அணிந்ததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் முதல் நிகழ்ச்சியும் அப்படிப்பட்டதுதான்: 1897-இல் பிரிஸ்பேனில் நியூசிலாந்து அணி குயின்ஸ்லாந்தோடு ஆடிய ஆட்டம். முதுகில் எண், கையில் எண்களும் பெயர்களும் அச்சிட்ட தாள். இரண்டையும் பொருத்திப் பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். தாளை விற்பவருக்கும் வருமானம்.

பத்தாண்டு கழித்து எதிர்த்திசையில் ஒரு பயணம். வெலிங்டனில் அஞ்சல் துறையில் வேலை பார்த்த ஆல்பர்ட் பாஸ்கர்வில் என்ற இளைஞர் 1907-இல் ஒரு நியூசிலாந்து அணியைத் திரட்டி இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். வழியில் சிட்னியில் இறங்கி ஆடினார்கள். அங்கிருந்து டேலி மெஸஞ்சர் என்ற நட்சத்திரத்தையும் கூட்டிக்கொண்டார்கள். 1908-இல் சிட்னியில் ரக்பி லீக் போட்டிகள் தொடங்கிவிட்டன. இப்படி ஒரே ஆட்டம் உலகின் இரு முனைகளில் வேர்விட்டது. எண் அணியும் பழக்கமும் இரண்டு இடங்களிலும் வளர்ந்தது, ஆனால் தனித்தனியாக வளர்ந்தது. அதன் விளைவைப் பிறகு பார்ப்போம்.

எண்ணை எல்லாரும் வரவேற்கவில்லை. பிரிவுக்குப் பிறகும் பழைய வழியில் தொடர்ந்த ரக்பி யூனியனில், 1922-இல் கார்டிஃபில் வேல்ஸும் இங்கிலாந்தும் எண் அணிந்து ஆடின. ஸ்காட்லாந்து மட்டும் அசையவில்லை. 1920-களில் ஓர் ஆட்டத்தைப் பார்க்க வந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு ஏன் எண் இல்லை என்று கேட்டாராம். அந்நாட்டு ரக்பி நிர்வாகத்தின் பெரியவர் ஜேம்ஸ் எய்க்மன் ஸ்மித், இது ரக்பி ஆட்டம், மாட்டுச் சந்தை இல்லை என்று பதில் சொன்னதாக இன்றும் கதை சொல்வார்கள். ஆட்டக்காரன் விலைபோகும் சரக்கு அல்ல என்பது அவருடைய கட்சி. கூலி கேட்டதற்காகவே பிரிந்துபோன ரக்பி லீக்காரர்களுக்கு இந்தக் கூச்சம் இருக்கவில்லை. பார்க்க வருகிறவர் காசில்தான் தங்கள் ஆட்டம் நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

அட்லாண்டிக்கின் அந்தப் பக்கத்திலும் இதே இழுபறி. 1916-இல் கிளீவ்லாந்து பேஸ்பால் அணி சட்டைக் கையில் எண் ஒட்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. 1929-இல் நியூயார்க் யாங்கீஸ் அணி முதுகில் நிரந்தரமாக எண் போடுவதாக அறிவித்தது. மட்டையெடுக்கும் வரிசைப்படி எண். மூன்றாவதாக வரும் பேப் ரூத்துக்கு 3, நான்காவதாக வரும் லூ கெரிக்குக்கு 4. ஆனால் தொடக்க நாளில் நியூயார்க்கில் மழை. யாங்கீஸ் ஆட்டம் தள்ளிப்போனது. அதே யோசனையோடு இருந்த கிளீவ்லாந்து அணி அன்று எண்ணோடு களமிறங்கி முந்திக்கொண்டது. பதிமூன்று ஆண்டுக்கு முன் கைவிட்டவர்களுக்கே, மழையின் தயவில், முதலிடம் கிடைத்தது.

இந்த எண்கள் பிறந்தது மட்டையெடுக்கும் வரிசையிலிருந்து. ஆனால் வெகுசீக்கிரம் அவை ஆளோடு ஒட்டிக்கொண்டன. நோயால் விளையாட முடியாமல் போன லூ கெரிக்கின் 4-ஐ 1939-இல் இனி யாருக்கும் தருவதில்லை என்று யாங்கீஸ் முடிவு செய்தது. கனடாவின் டொரான்டோ ஐஸ் ஹாக்கி அணி, பலத்த காயத்தால் ஆட்டவாழ்க்கையை இழந்த ஏஸ் பெய்லியின் 6-க்கு 1934-இலேயே அந்த மரியாதையைச் செய்திருந்தது. எண்ணுக்கு ஓய்வு கொடுக்க வேண்டுமானால், முதலில் அது ஒருவருடைய எண்ணாக இருக்க வேண்டும். இந்த எண்ணம் பிரிட்டனைச் சேர இன்னும் அறுபது ஆண்டுகள் பிடித்தன.

இங்கிலாந்துக் கால்பந்தில் எண் வேறு வழியில் போனது. 1928 ஆகஸ்ட் 25 அன்று ஷெஃபீல்டு வென்ஸ்டே அணியோடு ஆடப்போன ஆர்சனல், எண் அணிந்து இறங்கியது. எதையும் புதிதாகச் செய்து பார்க்கும் ஹெர்பர்ட் சாப்மன் அதன் மேலாளர். அதே நாளில் செல்சியும் எண் அணிந்தது. 1933 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் எவர்ட்டனுக்கு 1 முதல் 11, மான்செஸ்டர் சிட்டிக்கு 12 முதல் 22 என்று பகிர்ந்து கொடுத்தார்கள். சிட்டியின் கோல்கீப்பர் முதுகில் 22. கடைசியில் 1939-இல் எண் கட்டாயமானபோது, இரண்டு அணிகளுக்கும் 1 முதல் 11 என்று முடிவானது. எண், நிற்கும் இடத்தின் அடையாளம் ஆயிற்று.

ரக்பி லீக்கும் இந்தப் பாதையில்தான் நடந்தது. பின்வரிசைக்காரர்களின் எண்ணில் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் ஒத்துப்போயின: ஃபுல்பேக் 1, விங்கர்கள் 2, 5, நடு ஆட்டக்காரர்கள் 3, 4, பிறகு 6, 7. முன்வரிசைக்கு வந்ததும் கணக்கு தலைகீழானது. பிரிட்டனில் ப்ராப் 8, 10, ஹூக்கர் 9, இரண்டாம் வரிசை 11, 12, முன்வரிசையினர் தோள்கோக்கும் ஸ்க்ரம்மின் கடைசியில் நிற்கும் லூஸ் ஃபார்வர்டு 13. ஆஸ்திரேலியாவில் லாக் எனப்படும் அந்தக் கடைசி ஆள்தான் 8, அவரைத் தொடர்ந்து 9, 10 இரண்டாம் வரிசை, 11, 13 ப்ராப்கள், 12 ஹூக்கர். சிட்னியின் பாரமட்டா அணிக்காக ரே பிரைஸ் லாக்காக நின்று புகழ்பெற்றது 8-ஆம் எண்ணில். அதே 8 லங்காஷயரில் ஸ்க்ரம்மின் முன்னால் முட்டித் தள்ளும் பாரமான ஆளுக்கு உரியது. கடல் கடந்து போய் ஆட்டம் பார்க்கிறவர் எண்ணைப் புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. 1980-களின் இறுதியில்தான் ஆஸ்திரேலியா பிரிட்டன் முறைக்கு மாறியது. ரக்பி யூனியனோ முற்றிலும் எதிர்த்திசையில் எண்ணி, ஃபுல்பேக்குக்கு 15 கொடுத்தது. அங்கும் எல்லாக் கிளப்பும் ஒன்றுபோல் இல்லை. லெஸ்டர் அணியினர் எண்ணுக்குப் பதிலாக எழுத்துகளை அணிந்தார்கள். பாத் அணியினர் 13-ஐ ராசியில்லாதது என்று விட்டுவிட்டு ஃபுல்பேக்குக்கு 16 கொடுத்தார்கள். சரியாகப் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக்கில் 13 கௌரவமான எண்.

எவ்வளவு கவனமாக எண் தைத்தாலும் அதை அழிக்கும் சக்தி ஒன்று ரக்பி மைதானத்தில் எப்போதும் இருந்தது: சேறு. 1963-இல் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் செயின்ட் ஜார்ஜ், வெஸ்டர்ன் சபர்ப்ஸ் அணிகளின் இறுதியாட்டம் முழுச் சேற்றில் நடந்தது. செயின்ட் ஜார்ஜ் 8-3 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் செயின்ட் ஜார்ஜின் நெடிய நார்ம் புரோவனும் வெஸ்டர்ன் சபர்ப்ஸின் குள்ளமான ஆர்தர் சம்மன்ஸும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். ஜான் ஓகிரெடி அதைப் படமெடுத்தார். அணியின் நிறமும் தெரியாத அளவுக்கு இருவர் உடம்பிலும் சேறு. அந்தப் படம்தான் இன்று என்.ஆர்.எல். வெற்றிக்கோப்பையின் வெண்கலச் சிலை; கோப்பைக்குப் பெயரே புரோவன்–சம்மன்ஸ் கோப்பை. ரக்பி லீக்கின் மிகப் புகழ்பெற்ற படத்தில் ஆளை அடையாளம் காட்டுவது சட்டையில் எழுதிய எதுவும் அல்ல, அவர்களுடைய உயரமும் முகமும்தான்.

சேறு மைதானத்தில் இருந்தவர்களுக்கான சிக்கல். வீட்டில் இருந்து பார்ப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். 1965-இல் பி.பி.சி.யின் இரண்டாவது சேனல், மின்விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் ரக்பி லீக் போட்டி ஒன்றைத் தொடங்கி வீடுகளுக்கே கொண்டுபோனது. அப்போது அந்தச் சேனலை நடத்தியவர், பின்னாளில் இயற்கை ஆவணப்படங்களால் உலகப் புகழ்பெற்ற டேவிட் அட்டன்பரோ. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர் கையில் மைதானத்தில் விற்கும் பெயர்ப்பட்டியல் கிடையாது. எண் தெரிந்தாலும் அந்த எண் யாருடையது என்று சொல்ல வர்ணனையாளரை நம்பித்தான் இருக்க வேண்டும். பெயரையே சட்டையில் எழுதிவிட்டால் என்ன?

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு 1960-இலேயே ஒருவர் விடை கண்டிருந்தார். சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் பில் வீக், கூட்டத்தைக் கவர எதையும் செய்பவர். ஆட்டக்காரர்களின் பெயரைச் சட்டை முதுகில் தைக்கச் சொன்னார். டெட் க்ளுஷெவ்ஸ்கி என்ற பலசாலியின் நீண்ட போலந்துப் பெயரைத் தைத்தவர், ஓர் எழுத்தைத் திருப்பிப் போட்டு இன்னோர் எழுத்தை மாற்றியும் விட்டார். அந்தப் பிழையோடுதான் அவர் களத்துக்கு வந்தார். அதே ஆண்டு பிறந்த அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கும் பெயர்களை எழுதியது. 1970-இல் அது என்.எஃப்.எல்.லோடு இணைந்தபோது பழைய லீக் புதியதன் பழக்கத்தை வாங்கிக்கொண்டது.

எதிர்ப்பு வந்தது பட்டியல் விற்றவர்களிடமிருந்து. 1977-78 பருவத்தில் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக், பெயர் கட்டாயம் என்றது. டொரான்டோ அணியின் உரிமையாளர் ஹரால்டு பல்லார்டுக்கு அது பிடிக்கவில்லை. பெயர் முதுகிலேயே இருந்தால் புரோகிராம் யார் வாங்குவார்கள்? அபராத மிரட்டல் வந்ததும் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார்: நீலச் சட்டையில் நீல எழுத்தில் பெயர் தைத்தார். பெயர் இருந்தது, யாராலும் படிக்க முடியவில்லை. 1897-இல் எண்ணைப் பிறப்பித்த அதே தாள் வியாபாரம், எண்பது ஆண்டு கழித்துப் பெயருக்குத் தடையாக நின்றது. ஆனாலும் அந்த எதிர்ப்பு நிலைக்கவில்லை.

கால்பந்தில் 1992 ஐரோப்பியக் கோப்பையில் பெயர்கள் வந்தன. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த கிரிக்கெட் உலகக் கோப்பையின் வண்ணச் சட்டைகளிலும் பெயர்கள் இருந்தன. அந்த வண்ணச் சட்டை, ஆஸ்திரேலிய ஊடக அதிபர் கெர்ரி பேக்கர் 1977-இல் தொடங்கிய கிரிக்கெட் புரட்சியின் வாரிசு. 1993 ஏப்ரலில் இங்கிலாந்து லீக் கோப்பை இறுதியாட்டத்தில் பெயரும் நிலையான எண்ணும் சேர்ந்து முதுகேறின. ஆடிய அணிகள் எவை தெரியுமா? ஆர்சனலும் ஷெஃபீல்டு வென்ஸ்டேயும். 1928-இல் எண் அறிமுகமான அதே இரண்டு கிளப்புகள், அறுபத்தைந்து ஆண்டு கழித்துப் பெயரின் அறிமுகத்துக்கும் எதிரெதிரே நின்றன. அடுத்த பருவத்தில் பிரீமியர் லீக் முழுவதும் அந்த முறைக்கு மாறியது. நட்சத்திரத்தின் பெயரும் எண்ணும் உள்ள சட்டையைக் கடையில் விற்கலாம் என்பது கிளப்புகளுக்குப் புரிந்துவிட்டது.

இப்போது ரக்பி லீக்கின் முறை. 1995-இல் இன்னோர் ஊடக அதிபரான ரூபர்ட் மர்டாக்கின் நிறுவனம், பணம் செலுத்திப் பார்க்கும் தொலைக்காட்சிக்காக ரக்பி லீக்கை வாங்கப் புறப்பட்டது. ஆஸ்திரேலியாவில் அவரை எதிர்த்து நின்றவர் வேறு யாருமல்ல, கிரிக்கெட்டுக்கு வண்ணம் பூசிய கெர்ரி பேக்கர். அங்கே நடந்த போரில் ஆட்டம் இரண்டாகப் பிளந்தது. இங்கிலாந்தில் 8.7 கோடி பவுண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. குளிர்கால ஆட்டம் கோடைக்கு மாறியது. பிராட்ஃபோர்டு நார்தர்ன் போன்ற பழைய கிளப்புகள் அமெரிக்கப் பாணியில் புல்ஸ் போன்ற பட்டப்பெயர்களைச் சூட்டிக்கொண்டன. 1996 மார்ச் 29 அன்று பாரிஸில் 17,000-க்கு மேற்பட்டோர் முன்னிலையில் பாரிஸ் அணி ஷெஃபீல்டு ஈகிள்ஸை 30-24 என்று வென்று சூப்பர் லீக்கைத் தொடங்கிவைத்தது. தனிப்பட்ட எண்ணும் பெயரும் இந்தப் புதிய ஏற்பாட்டோடு வந்து சேர்ந்தன. கோடை வந்ததால் சேறும் குறைந்தது.

பழைய முறை முற்றிலும் மறைந்துவிடவில்லை. சூப்பர் லீக் பயிற்சியாளர்கள் பருவத் தொடக்கத்தில் எண் வழங்கும்போது, தங்கள் முதல் அணி என்று நினைப்பவர்களுக்கு 1 முதல் 13 வரை இடப்படியே கொடுப்பது வழக்கம். ஆகவே குளிர்காலத்தில் வெளியாகும் எண் பட்டியலே ஒரு செய்தி. 7 கிடைத்தவர் இந்த ஆண்டின் ஹாஃப்பேக். 30 கிடைத்த இளைஞர் இன்னும் தன்னை நிரூபிக்க வேண்டும். கோடையின் நடுவில் அந்த 30-ஆம் எண்காரர் 7-ஆம் எண்காரரின் இடத்தைப் பிடித்துவிட்டால், அவர் பாதை முழுவதையும் அந்த எண்ணிலேயே படித்துவிடலாம்.

எண் ஆளோடு ஒட்டும்போது துக்கமும் அதில் வந்து சேர்கிறது. ஹல் கே.ஆர். கிளப்பின் மாபெரும் ஆட்டக்காரர் ராஜர் மில்வர்டு 2016-இல் மறைந்தபோது, கிளப் அவருடைய 6-க்கு ஓய்வளித்தது. லீட்ஸ் அணியின் ராப் பரோ 1.65 மீட்டர் உயரம்தான். பெரிய உடம்புகளுக்கு நடுவே புகுந்து ஓடி, 8 சூப்பர் லீக் பட்டங்களை வென்ற அணிகளில் இருந்தவர். அவர் எண் 7. 2019-இல் அவருக்கு நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் எம்.என்.டி. நோய் என்று தெரிந்தது. அணித் தோழர் கெவின் சின்ஃபீல்டு 2020 டிசம்பரில் 7 நாளில் 7 மாரத்தான் ஓடி நிதி திரட்டினார். முதலில் வைத்த இலக்கு 77,777 பவுண்டு, வந்தது அதைப்போலப் பல மடங்கு. 2024 ஜூன் 2 அன்று பரோ காலமானார். ஆறு நாள் கழித்து வெம்பிளியில் நடந்த சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டம், அவர் நினைவாகப் பிற்பகல் 3 மணி 7 நிமிடத்துக்குத் தொடங்கியது.

2019 ஆகஸ்டில், முதுகில் பெயரும் எண்ணும் எழுதும் பழக்கம் டெஸ்ட் கிரிக்கெட்டின் வெள்ளைச் சட்டையையும் எட்டியது. சென்னை ரசிகருக்கு 7 என்றால் தோனி, 99 என்றால் அஷ்வின் என்று சொல்லித் தர வேண்டியதில்லை. அதில் ஒரு நயமும் உண்டு. மேற்கத்திய வழக்கத்தில் முதுகில் வருவது குடும்பப் பெயர். குடும்பப் பெயர் இல்லாத தமிழருக்கு வந்தது அவருடைய சொந்தப் பெயரே.

ரக்பி லீக் இப்போது மூன்றாவது வகை எண் ஒன்றையும் வைத்திருக்கிறது. கிளப்புக்காக முதன்முதலில் ஆடியவரிலிருந்து தொடங்கி, அறிமுகமான வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு மரபு எண். ரசிகர்களும் வரலாற்று ஆர்வலர்களும் பழைய செய்தித்தாள்களையும் பதிவேடுகளையும் புரட்டி இந்தப் பட்டியல்களை உருவாக்கியிருக்கிறார்கள். 2022-இல் நடந்த உலகக் கோப்பையில், ஆஸ்திரேலியா கேப்டனுக்கு 1 கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு நாட்டுக்காக அறிமுகமான வரிசைப்படியே சட்டை எண் வழங்கியது.

மூன்று எண்களில் எனக்கு உயர்வாகப் படுவது இந்த மரபு எண்தான். இடத்தின் எண்ணைப் பயிற்சியாளர் மாற்றலாம்; தனிப்பட்ட எண்ணைச் சட்டையோடு கடையில் விற்கலாம். மரபு எண்ணை யாரும் பறிக்க முடியாது. ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டுச் சுரங்கத்துக்குத் திரும்பியவருக்கும் நூறு ஆட்டம் ஆடியவருக்கும் அது ஒன்றுபோல் கிடைக்கும். இதற்கு ஊடக அதிபரோ கோடிகளோ வேண்டாம். பழைய பட்டியல்களைத் தேடும் பொறுமையும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். உங்கள் ஊரிலும் பல்லாண்டாக ஆடிவரும் ஒரு கபடிக் குழுவோ கால்பந்து கிளப்போ இருக்கும். அதில் முதன்முதலில் ஆடியவர்களை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இருக்கும்போதே, அவர்களிடம் கேட்டு எண் 1-லிருந்து எழுதத் தொடங்குங்கள்.